பானையை முதலில் எடுங்கள்

திண்டுக்கல் கடைகளில் லவ் பேர்ட்ஸ் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் புல்வெளியைச் சேர்ந்த சிறு கிளி. எடை 30, 40 கிராம்தான். 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு உலகெங்கும் கூண்டுகளில் பெருகியது. நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜெரிகருக்கு அந்தத் தடை இல்லை.

வாங்கிவந்த கொஞ்ச நாளில் புகார்கள் தொடங்கும். கையை நீட்டினால் கொத்துகிறது, விடாமல் கத்துகிறது, கூட இருக்கும் பறவையைக் கடித்துக் குதறுகிறது என்பார்கள்.

சண்டை என்றால் முதலில் கூண்டில் தொங்கும் மண்பானையைப் பாருங்கள். காட்டில் இந்தப் பறவை மழை பெய்து புல்விதை மலிந்தபின் மரப்பொந்தில் முட்டையிடும். நம் வீட்டிலோ வருஷம் முழுக்கத் தினை, கூடவே பொந்துபோல ஒரு பானை. போதாததற்கு ராத்திரி பத்து மணிவரை ஹாலில் டியூப்லைட். உடல் இதை இனப்பெருக்கக் காலம் என்றே எடுத்துக்கொள்கிறது. பெட்டை பானையைக் காவல் காத்து, கிட்டே வரும் எதையும் கடிக்கும். முட்டைமேல் முட்டையிட்டுச் சுண்ணாம்புச் சத்தையும் இழக்கும். குஞ்சு வேண்டாம் என்றால், முட்டையோ குஞ்சோ இல்லாத சமயம் பார்த்துப் பானையை எடுத்துவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் காற்றோட்டம் கெடாமல் கூண்டை மூடி, 10 முதல் 12 மணி நேரம் இருட்டில் உறங்கவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்றைக் கட்டிவையுங்கள்.

கத்தல் வேறு கதை. கூட்டமாக வாழும் பறவை, துணை கண்ணில் படாவிட்டால் கூப்பிடும். அது கத்தும்போதெல்லாம் நாம் ஓடிப்போய் அதட்டினால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்கிறது. மெல்லக் கீச்சிடும்போது சீட்டியடித்துப் பதில் கொடுங்கள், அலறும்போது போகாதீர்கள். முதல் சில நாள் அலறல் கூடத்தான் செய்யும். அப்போது மனமிரங்கிப் போய்விட்டால், அடுத்தமுறை இன்னும் உரக்கக் கத்தும்.

கடிக்குமுன் அது எச்சரிக்கும்: இறகை ஒடுக்கி, பின்னால் சாய்ந்து, அலகைத் திறக்கும். அந்த நொடியே கையை நிறுத்திவிடுங்கள். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. அதன் நெஞ்சுக்குக் கீழாக, தினைக்கதிரோடு, தினமும் சில நிமிஷம் கை நீட்டினால் பயம் தெளியும். அடிப்பது, அலகைச் சுண்டுவது எல்லாம் பயத்தைத்தான் வளர்க்கும்.

சலிப்புக்கு முருங்கைக் கொப்பு கொடுக்கலாம். ஒட்டன்சத்திரம் பக்கம் அதற்கா பஞ்சம்? கழுவி ஈரத்தோடு கட்டினால் கொறிக்கவும் ஆகும், வெயிலுக்குக் குளிக்கவும் ஆகும். கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட் மட்டும் கூடவே கூடாது. அதிலுள்ள பெர்சின் சிறு கிளிகளைக் கொன்றுவிடும்.

நேற்றுவரை சாதுவாக இருந்தது திடீரென்று கடித்தாலோ, இறகைப் பிடுங்கினாலோ, உப்பிக்கொண்டு உட்கார்ந்தாலோ பழக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பறவைகள் நோயை முடிந்தவரை மறைக்கும். நமக்குத் தெரியும்போது முற்றியிருக்கும். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.