ஆடவர் மறைக்கும் நோய்: புராஸ்டேட் அழற்சி

மக்கள் நோய்களை இருவகையாகப் பிரித்து வைத்திருக்கின்றனர். காய்ச்சல், இருமல், மூட்டுவலி முதலியன அண்டை வீட்டாரிடமும் தாராளமாகச் சொல்லக்கூடியவை. வேறு சில, கட்டிய மனைவியிடங்கூடச் சொல்லத் தயங்குபவை. ஆடவருக்கு இடுப்பின் கீழே தோன்றும் நோய் எதுவாயினும் அஃது இரண்டாம் வகையிலேயே வைக்கப்படுகிறது. நீர் கழிக்கும்போது எரிச்சல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே ஓயாத வலி, இரவில் பலமுறை எழ வேண்டிய தொல்லை ஆகியவற்றோடு மாதக்கணக்கில் வாய் திறவாமல் காலந்தள்ளும் ஆடவர் பலர். கேட்டால் 'உடம்புச் சூடு' என்பர், 'நீர்க்கடுப்பு' என்பர், இளநீர் குடித்துப் பார்ப்பர். உள்ளத்திலோ 'இது வெட்டை நோயாக இருக்குமோ, புற்றுநோயாக இருக்குமோ' என்ற அச்சம் அரித்துக் கொண்டிருக்கும்.

பேராக் மாநிலத்தின் தாழ்நிலப் பகுதியான ஹுத்தான் மெலிந்தாங் போன்ற வட்டாரங்களில் இத்தயக்கத்திற்குத் தனிக் காரணமும் உண்டு. எல்லாரும் எல்லாரையும் அறிந்த தோட்டத்து லயங்களில், ஒருவன் மருந்துச்சாலை வாயிலில் நின்றாலே அவன் நோய் ஊர்ப்பேச்சாகிவிடும். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயங்களை விட்டுப் பலர் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஆயின் அந்தப் பழைய கூச்சம் மட்டும் குடிபெயரவில்லை. கூச்சம் நோயைத் தீர்ப்பதில்லை, அறிவே தீர்க்கும். ஆதலின் இந்நோய் யாது, எத்தனை வகைப்படும், எப்போது விரைந்தோட வேண்டும், எப்போது பொறுமை காட்ட வேண்டும் என்பவற்றைத் தெளிவாக அறிந்து கொள்ளுதல் நன்று.

சுரப்பியின் இடமும் தொழிலும்

புராஸ்டேட் என்பது ஆடவருக்கு மட்டுமே உரிய ஒரு சுரப்பி. 'முன்னே நிற்பது' என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. தமிழில் இதனை முன்னிற்குஞ் சுரப்பி என்றும், சுக்கிலச் சுரப்பி என்றும் எழுதுவர். இளைஞர் ஒருவரிடத்தே இது பெரியதொரு கொட்டைப்பாக்கின் அளவினது. ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ளது. நீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னே அமைந்து, சிறுநீர் வெளிவரும் குழாயை மோதிரம் விரலைச் சூழ்வது போலச் சூழ்ந்து நிற்கிறது. விந்து நீரில் ஒரு பகுதியைச் சுரந்து தருவதே இதன் தொழில்.

இந்த அமைப்பை மனத்திற் கொண்டால் நோயின் குறிகள் தாமே விளங்கும். மோதிரம் வீங்கினால் விரல் இறுகுவது போலச் சுரப்பி வீங்கினால் நீர்க்குழாய் இறுகும். நீர் தடைப்படும், சொட்டும், எரியும். மலக்குடல் அருகே இருத்தலின் மலங்கழிக்கும்போதும் வலி தோன்றும். விந்துடன் தொடர்புடைமையின் அது வெளியேறும்போதும் வலி உண்டாகும்.

மூன்று வேறு நோய்கள்

புராஸ்டேட் என்ற பெயரைக் கேட்டவுடனே பலர் முதியோரை நினைக்கின்றனர். அதற்குக் காரணம், இச்சுரப்பியில் மூன்று வேறு நோய்கள் தோன்றுவதும், அவை ஒன்றோடொன்று குழப்பப்படுவதுமாகும். முதலாவது, வயது ஏற ஏறச் சுரப்பி பருத்தல், இது பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தோரைத் தொல்லைப்படுத்துவது, புற்றுநோய் அன்று. இரண்டாவது, புற்று, இதுவும் பெரும்பாலும் முதுமையில் வருவது. மூன்றாவதே அழற்சி. இது இருபது வயதினனையும் விடுவதில்லை.

இது அரிய நோயும் அன்று. பேராக்கிற்கு வடக்கேயுள்ள பினாங்கில் 20 முதல் 50 வயது வரையுள்ள 3,147 ஆடவரிடம் வினாத்தாள் வழி ஆராய்ந்து, முடிவை 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுள் 275 பேரிடத்தே, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேரிடத்தே, நாட்பட்ட புராஸ்டேட் அழற்சியின் குறிகள் காணப்பட்டன. தனக்கு மட்டுமே நேர்ந்த இழிவு என்று ஒருவன் எண்ணி மறைப்பது, உண்மையில் பத்துப் பதினோரு பேரில் ஒருவருக்கு உள்ள தொல்லையாகும்.

நால்வகை அழற்சி

அமெரிக்க நாட்டின் தேசியச் சுகாதார நிலையங்கள் 1995-ஆம் ஆண்டில் கூட்டிய அறிஞர் அவையில் இந்நோய் நான்காக வகுக்கப்பட்டது. இன்றும் உலகெங்கும் அப்பகுப்பே வழங்குகிறது.

முதல் வகை, திடீரெனத் தோன்றும் கிருமி அழற்சி. குளிர்நடுக்கத்துடன் கடுங்காய்ச்சல், அடிவயிற்றிலும் விதைப்பைக்குப் பின்னும் வலி, நீர் கழிக்க முடியாத நிலை ஆகியன இதன் குறிகள். குடலில் வாழும் 'ஈ-கோலை' என்னும் நுண்ணுயிரே பெரும்பாலும் இதற்குக் காரணம். இது வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயன்று. கிருமி குருதியிற் கலந்தால் உயிருக்கே கேடு விளையும். நீர் முற்றிலும் நின்றுவிட்டாலோ, நடுக்கக் காய்ச்சல் வந்தாலோ, இரவாயினும் பகலாயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழ்ப்பேராக் மக்களுக்குத் தெலுக் இந்தானில் அரசாங்க மருத்துவமனை உண்டு. விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. தக்க மருந்தை இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை உட்கொண்டால் பெரும்பாலோர் முற்றிலும் குணமடைவர். இந்நிலையில் சுரப்பியை அழுத்திப் பிசைதல் பெருந்தீங்கு; அது கிருமியைக் குருதிக்குள் தள்ளிவிடும்.

இரண்டாம் வகை, நாட்பட்ட கிருமி அழற்சி. ஒரே கிருமி சுரப்பிக்குள் பதுங்கியிருந்து, மீண்டும் மீண்டும் நீர்ப்பாதையில் தொல்லை தரும். இரத்தத்திலுள்ள மருந்து இச்சுரப்பிக்குள் எளிதில் நுழைவதில்லை. நுழையவல்ல மருந்துகள் சிலவே. ஆதலின் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை மருந்துண்ண நேரும். மூன்றாம் நாள் எரிச்சல் தணிந்ததும் மிச்ச மாத்திரைகளை அலமாரியில் வைத்துவிடுவோர், கிருமியைக் கொல்வதில்லை. அதற்கு அம்மருந்தை எதிர்த்து நிற்கப் பயிற்சி அளிக்கின்றனர்.

மூன்றாம் வகையே மிகப் பெரும்பாலோருக்கு உள்ளது. நாட்பட்ட அழற்சியாளர் பத்துப் பேரில் ஒன்பதின்மர் இவ்வகையினர். மூன்று மாதங்களுக்கு மேல் வலி இருக்கும். ஆயின் சோதித்தால் கிருமி அகப்படாது. நான்காம் வகையில் அழற்சி இருக்கும், குறிகளே இரா. வேறு சோதனையின்போது தற்செயலாகக் கண்டறியப்படும். அதற்குப் பெரும்பாலும் மருந்தும் தேவையில்லை.

மண்ணில் வாழும் கிருமியும் இனிப்பு நீரும்

நம் நாட்டார் தனியே அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வெப்ப நாடுகளின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியொன்று மனிதரைப் பற்றுவதை, 1912-ஆம் ஆண்டில் ரங்கூனில் ஆல்பிரட் விட்மோர் என்னும் மருத்துவரும், அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமியும் முதன்முதலில் விவரித்தனர். பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டாண்டன், பிளெட்சர் என்னும் இருவர் அதனை ஆராய்ந்து, 1921-இல் அந்நோய்க்கு 'மெலியோய்டோசிஸ்' எனப் பெயரிட்டனர்.

இக்கிருமி நுரையீரலைப் பற்றுவதே மிகுதி. எனினும் புராஸ்டேட்டில் சீழ்க்கட்டியையும் உண்டாக்கவல்லது. வட ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் இந்நோயுற்ற ஆடவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இக்கட்டி காணப்பட்டது. இந்நோய்க்கு வழிதிறந்து விடுவதில் முதலிடம் பெறுவது, நம் மக்கள் 'இனிப்பு நீர்' என்று கூறும் நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேருக்கு நீரிழிவு இருந்தது. எனவே, இனிப்பு நீர் உடைய ஒருவர் வாய்க்காலிலும் சேற்றிலும் வேலை செய்பவராயின், காய்ச்சலோடு நீர்த்தடை கண்டவுடன் அவ்விரண்டையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகள் பல இக்கிருமியிடம் பயனற்றவை. முதலில் நரம்பு வழி மருந்தும், பின்னர் மூன்று மாதமேனும் வாய்வழி மருந்தும் தேவைப்படும். கட்டி இருப்பின் சீழை வடித்தெடுக்கவும் நேரும். வேலைக்குச் செல்கையில் முழங்கால் வரை உயர்ந்த காலணி அணிவதும், காயங்களை மூடி வைப்பதும் எளிய காப்புகளாம்.

கிருமியில்லாத வலி

மூன்றாம் வகைக்கு மீண்டும் வருவோம். கிருமி இல்லையெனில் வலி ஏன்? இதற்கு ஒரே விடை இல்லை. பழைய அழற்சி ஒன்று ஆறிய பின்னும் நரம்புகள் கூருணர்வோடு இருத்தல், இடுப்பின் அடித்தளத் தசைகள் ஓயாது இறுகியிருத்தல், நீர்ப்பைத் தொல்லை, மனக்கவலை எனப் பல காரணங்கள் ஒருவனிடத்தே பின்னிக் கிடக்கலாம். வலி கவலையைத் தூண்டும். கவலை தசையை இறுக்கும். இறுகிய தசை வலியைப் பெருக்கும். இச்சுழலில் அகப்பட்டவனிடம் 'எல்லாம் உன் மனப்பிரமை' என்பது அறியாமை. அவன் வலி மெய்யான வலியே.

காரணம் பலவாதலின் மருத்துவமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். நீர்க்குழாயைத் தளர்த்தும் மருந்து, வலிநீக்கி, தசைகளைத் தளர்த்தும் உடற்பயிற்சி, வெந்நீர் நிறைந்த தொட்டியில் இடுப்பளவு அமர்தல் ஆகியன பயன்படும். எந்த ஒரு மாத்திரையும் எல்லாருக்கும் பயன்படும் என்று கருதலாகாது. 272 ஆடவரிடம் நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2008-இல் வெளிவந்தது. நீர்க்குழாயைத் தளர்த்தும் ஒரு மருந்தை உண்டவருள் எத்தனை விழுக்காட்டினர் தேறினரோ, வெறும் மாவு மாத்திரையை உண்டவருள்ளும் அத்தனை விழுக்காட்டினரே தேறினர். அதே 2008-இல் பினாங்கில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதில் ஊசிகுத்தல் சிகிச்சை பெற்ற 44 பேரில் 32 பேர் தேறினர். போலி ஊசிகுத்தல் பெற்ற 45 பேரிலோ 21 பேரே தேறினர். போலி மருத்துவம் பெற்றவருள்ளும் ஏறக்குறையப் பாதிப்பேர் தேறினர் என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். நோய் ஏறுவதும் இறங்குவதும் அதன் இயல்பு. தானே இறங்கும் வேளையில் உண்ட லேகியத்திற்குப் புகழ் சேர்ந்து விடுகிறது.

லேகியக்காரரும் மிச்ச மாத்திரையும்

ஆண்மை குன்றியதென்று அச்சுறுத்தி லேகியமும் மாத்திரையும் விற்போர் இந்நோயாளிகளின் கூச்சத்தையே முதலாக வைத்து வாணிகம் செய்கின்றனர். மலேசியாவில் மருந்துப் பொருள் ஒவ்வொன்றும் சுகாதார அமைச்சில் பதிவு பெற வேண்டும், 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவெண் அதன் உறையில் இருத்தல் வேண்டும். அஃதில்லாத பொருளைத் தொடாதிருத்தலே அறிவுடைமை.

பிறர் மிச்சம் வைத்த கிருமிக்கொல்லி மாத்திரைகளை வாங்கி விழுங்குவதும் தீங்கே. மூன்றாம் வகையில் கொல்வதற்குக் கிருமியே இல்லை. முதலிரு வகைகளில் அரைகுறை மருந்து கிருமியைச் சோதனைக்குப் புலப்படாமல் மறைத்து விடும். ஆதலின் மருந்துண்ணும் முன்னரே சிறுநீரைச் சோதிக்கக் கொடுத்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் குடிமகன் ஒருவர் ஒரு வெள்ளி செலுத்தி மருத்துவரைப் பார்க்கலாம். அங்கே சிறுநீர்ச் சோதனை நடைபெறும். மருத்துவர் கையுறை அணிந்து ஆசனவாய் வழியே ஒரு விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கவும் கூடும். அச்சோதனை ஒரு நிமிடமும் ஆகாது. பாலுறவினால் வந்திருக்குமோ என்ற ஐயம் இருப்பின் அதனையும் ஒளியாது சொல்ல வேண்டும். சில இளைஞரிடத்தே அத்தகைய கிருமிகளும் காரணமாவதுண்டு. மருத்துவம் அதற்கேற்ப மாறும். அழற்சி இருக்கும்போது புற்றுநோயை அறிய எடுக்கும் 'பி.எஸ்.ஏ.' இரத்தச் சோதனையின் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். ஆதலின் அவ்வெண்ணைக் கண்டு கலங்க வேண்டா. நோய் தணிந்து சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிப்பர்.

நாள்தோறும் நெடுநேரம் லாரியிலும் மோட்டார் சைக்கிளிலும் அமர்ந்திருப்போர் இடையிடையே எழுந்து நடத்தல் நன்று. மதுவும் மிகு காரமும் சிலருக்கு வலியைத் தூண்டும். தமக்கு எது ஒவ்வாதென்று நோக்கி விலக்க வேண்டும். நீரை அடக்கி வைத்தலும், மலச்சிக்கலும் கேடு தருவன.

நாட்பட்ட வலியோடு வாழ்பவனுக்கு மருந்தினும் முன்னே தேவைப்படுவது, தன் இல்லத்தில் வாய்திறந்து பேசும் உரிமை. இந்நோயின் பெரும்பகுதி பிறருக்குத் தொற்றுவதன்று. ஒழுக்கக் கேட்டின் தண்டனையும் அன்று. பல்வலியைச் சொல்லுவது போல இவ்வலியையும் சொல்லக் கணவன் துணிந்து, மனைவி செவிசாய்த்தால், மருந்தகத்தின் படியேறும் நாள் விரைவில் வரும். தந்தையர் இதனைப் பேசக் கற்றால், மைந்தர் மறைக்கக் கற்கமாட்டார்.