பில் போட ஏன் இத்தனை நேரம்?



பூந்தமல்லியில் என் தகப்பனார் மளிகை மொத்த வியாபாரம் செய்தபோது, பேரேட்டின் முன்பக்கங்களில் அகர வரிசைப்படி வாடிக்கையாளர் பெயரும் பக்க எண்ணும் இருக்கும். எங்கள் கணக்குப்பிள்ளை அந்த வரிசையைத் தனி நோட்டில் எழுதி இடப்பக்கம் வைத்துக்கொள்வார். பேரேட்டை முன்னும் பின்னும் புரட்டும் வேலை மிச்சம்.

கம்ப்யூட்டரில் 'இன்டெக்ஸ்' என்பதும் அந்த நோட்டுதான். இது எனக்குத் தெரியாமல் போனதால் சென்ற பொங்கல் வியாபாரத்தில் அவதிப்பட்டேன். ஒரு பில்லுக்கு 2 நிமிடம். ஆவடியிலிருந்து வந்த சில்லறைக் கடைக்காரர் இருவர் சரக்கு எடுக்காமலே திரும்பிவிட்டார்கள். சரிபார்க்க வந்த ஒருவர், "இன்டெக்ஸை டி டிரைவுக்கு மாற்றிவிட்டேன், இனிப் பறக்கும்" என்று 3,500 ரூபாய் வாங்கிப் போனார். பறக்கவில்லை.

காரணத்தை அம்பத்தூரில் வேலை பார்க்கும் என் அக்காள் பேரன் சொன்னான். சி, டி என்பதெல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கைத் தடுத்துப் பெயர் வைத்ததுதான். ஒரே கடைக்கு இரண்டு போர்டு மாட்டிய கதை! உள்ளே நிமிடத்துக்கு 7,200 முறை தட்டு சுற்றுகிறது. படிக்கும் முள் இடம் மாறி, தட்டு சுற்றி வந்து, ஓரிடத்தைப் படிக்கச் சுமார் 12 மில்லி செகண்டு. அங்கொன்று இங்கொன்றாக 1,000 இடம் படித்தால் 12 செகண்டு போய்விடும். இன்டெக்ஸும் கணக்கும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் முள் இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். தனித்தனி டிஸ்க்கில் வைத்தால்தான் அலைச்சல் குறையும். பெரிய கம்பெனிகள் அப்படித்தான் வைத்தார்கள்.

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. ஆகவே இரண்டையும் அதிலேயே வைக்கலாம், பிரிக்க வேண்டியதில்லை. சிறியதுதான் வாங்க முடியுமென்றால் இன்டெக்ஸும் நடப்பாண்டுக் கணக்கும் அதில் இருக்கட்டும். உங்கள் சாஃப்ட்வேர் அதற்கு இடம் கொடுக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. என் சரக்குப் பட்டியலுக்கு 11 இன்டெக்ஸ் போட்டிருந்தார்கள். இருப்பு மாறும்போது அதைத் தொட்ட இன்டெக்ஸ் எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டும். பயன்படாத 6-ஐ எடுத்த பிறகு, எஸ்.எஸ்.டி.யும் போட்டபின், எண்ணெய் டின்னைத் தூக்கி வைப்பதற்குள் பில் வந்துவிடுகிறது.

இன்டெக்ஸ் கெட்டால் கணக்கிலிருந்து மறுபடி உண்டாக்கிவிடலாம். கணக்கு போனால் போனதுதான். எஸ்.எஸ்.டி. சொல்லாமல் நின்றுபோவதும் உண்டு. நான் தினமும் கடை கட்டும்போது இரண்டு பென் டிரைவில் மாற்றி மாற்றிப் பிரதி எடுத்து, அன்றையதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன்.