ஒலிநாடாவும் எண்வடிவும்

ஏடுகள் செல்லரித்து அழியுமுன் அவற்றைத் தேடிப் பதிப்பித்தோருள் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் கலித்தொகையை அச்சிட்டது 1887இல். இன்று அத்தகைய அழிவை எதிர்நோக்குவன நம் வீடுகளிற் கிடக்கும் கசெற்றுக்கள்.

1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட கசெற்றில், நாடாவின்மேற் பூசிய காந்தத் துகள்களே ஒலியைத் தாங்குவன. நமது நாட்டின் வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாடாவிற் பூஞ்சணம் படரும், ஒலியும் மங்கும். ஆதலின் அதனைக் கணினியிற் சேர்த்தல் கடனாகும்.

முதற்கண், நாடா வெளித்தெரியும் விளிம்பிற்கு எதிர்ப்புறத்துள்ள இரு சிறு தகடுகளையும் ஒடித்துவிடுக. பழைய பதிவு தவறியும் அழியாது. கருவியின் காந்தத் தலையைத் துடைத்தபின், அதன் ஒலி வெளிவரும் துளையைக் கணினியின் ஒலி உட்செல்லும் துளையோடு கம்பியால் இணைக்க. ஓடாசிற்றி என்னும் இலவச மென்பொருள், ஒலியலையைச் செக்கனுக்கு 44,100 முறை அளந்து எண்களாக்க வல்லது. அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடம் பொறுத்திருத்தல் வேண்டும்.

ஈண்டுச் சிலர் பிழைபடுவர். இரைச்சலைப் போக்க விழைந்து முதற்பதிவையே திருத்துவர். இரைச்சலோடு பாடகரின் மூச்சும் தம்பூராவின் நுண்ணொலியும் நீங்கிவிடும்; நீங்கியவை மீளா. எனவே, சுருக்கப்படாத வேவ் கோப்பொன்றை மாற்றமின்றிப் பேணி, அதன் படியிலேயே திருத்தஞ் செய்க. பாடியவர், இடம், ஆண்டு என்பனவற்றையும் உடன் குறித்து வைக்க. நாடாவையும் எறிந்துவிடற்க.

மூலபாடத்தைச் சிதையாது காத்தல் பதிப்பாசிரியர் அறம். ஒலிக்கும் அஃதே அறமென்க.