பேராதனையில் வரலாற்று ஆராய்ச்சி

வரலாறு என்றவுடன் நம் மாணவர் பலரின் நினைவுக்கு வருவன அரசர் பெயர்களும் ஆண்டுகளுமேயாம். பரீட்சை முடிந்ததும் அவை மறக்கப்பட்டுவிடுகின்றன. பாடநூலில் ஒரு வரியாக நிற்கும் செய்தி, அந்நிலையை அடைவதற்கு முன் எத்தனை வினாக்களுக்கு விடை கூற வேண்டியிருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. கண்டி மாநகருக்கு நான்கு மைல் தொலைவில் விளங்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவ்வினாக்கள் நாள்தோறும் எழுப்பப்படுகின்றன. அப்பணி எவ்வாறு நடைபெறுகின்றதென்பதை நம் கல்லூரியின் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

1942ஆம் ஆண்டு கொழும்பில் தோற்றுவிக்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம், அதன் முதல் உபவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் அவர்களின் காலத்தில், 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. எச். சி. றே, ஜி. சி. மெண்டிஸ் முதலிய அறிஞர் வரலாற்றுத் துறையை வளர்த்தனர். பல்கலைக்கழகம் வெளியிட முற்பட்ட இலங்கை வரலாற்றின் முதற்றொகுதி 1959, 1960ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. மூன்றாந் தொகுதி 1973இலும், இடையிலுள்ள இரண்டாந் தொகுதி 1995இலுமே வெளிவந்தன. ஒரு நாட்டின் வரலாற்றை எழுதி முடித்தற்கு எத்துணைப் பொறுமை வேண்டுமென்பதற்கு இதுவே சான்றாகும்.

அந்நாளில் கலாநிதிப் பட்டம் பெற விரும்பியோர் பெரும்பாலும் இலண்டன் மாநகருக்கே சென்றனர். பேராதனையில் விரிவுரையாளராயிருந்த சி. அரசரத்தினம், கா. இந்திரபாலா, சி. பத்மநாதன் ஆகிய தமிழறிஞர் மூவரும் அவ்வாறு சென்று பட்டம் பெற்றோரே. இன்று முதுமாணி முதல் கலாநிதி வரையுள்ள பட்டங்களுக்குரிய ஆராய்ச்சியைப் பேராதனையிலேயே செய்தல் கூடும்.

ஆராய்ச்சி மாணவர் முதலிற் செய்ய வேண்டுவது ஒரு வினாவைத் தெரிந்தெடுத்தலாகும். ‘கண்டி இராச்சியம்’ என்பது பொருளேயன்றி வினாவாகாது. ‘1739 முதல் 1815 வரை ஆண்ட நாயக்க மன்னரின் அரசவையில் தமிழ் எவ்வெக் கருமங்களுக்குப் பயன்பட்டது?’ என்பது வினா. அதற்கு விடை காண ஓலைச் சுவடிகளையும், ஒல்லாந்தர், பிரித்தானியர் எழுதிவைத்த கடிதங்களையும் அறிக்கைகளையும் தேடிப் படித்தல் வேண்டும். மேற்பார்வை செய்யும் பேராசிரியர் வழிகாட்டுவார். விடை சொல்லித் தரமாட்டார்.

ஓரளவு வேலை முடிந்தபின் மாணவர் தம் கட்டுரையைத் துறையின் கருத்தரங்கிலே வாசிப்பர். ஆசிரியரும் சக மாணவரும் கேட்டிருந்து பின்னர் வினாவுவர். இச்செய்தியை எழுதியவர் யார்? நிகழ்ச்சி நடந்து எத்தனை ஆண்டுகளின் பின் எழுதினார்? அவ்வாறு எழுதுவதால் அவருக்கு நன்மை உண்டா? வேறு சான்று இதனை உறுதிப்படுத்துகின்றதா? இவை பகைமையால் எழும் வினாக்களல்ல. பொன்னை உரைகல்லில் உரைப்பது போன்றதே இம்முறை.

ஓர் உதாரணம் கூறுவேன். உடுநுவரையிலுள்ள இலங்காதிலக விகாரை, கம்பளையிலிருந்து ஆண்ட நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்தது. அங்குள்ள பாறையிலே சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. மலைநாட்டுப் பௌத்த விகாரையொன்றில் தமிழ்ச் சாசனம் ஏன்? அதனைப் படித்து அறிய வேண்டியோர் எவர்? ‘எல்லாம் எம்மவருடையதே’ என்று பெருமை பேசுதலும், ‘இதிற் பொருளில்லை’ என்று புறக்கணித்தலும் விடையாகா. இரு மொழிச் சாசனங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிப்பவனே விடையை அணுகுவான். அதனால்தான் வரலாறு பயில விரும்பும் தமிழ் மாணவன் சிங்களத்தையும் கற்றல் வேண்டும். சிங்கள மாணவன் தமிழையும் கற்றல் வேண்டும்.

ஆராய்ச்சியின் அறம் யாதென்பதைக் கலாநிதி இந்திரபாலா அவர்களின் பணி நன்கு காட்டும். இலங்கையில் திராவிடக் குடியேற்றங்கள் பற்றிய தம் ஆய்வேட்டை அவர் 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். பத்தாம் நூற்றாண்டுக்கு முன் பரந்த தமிழ்க் குடியேற்றங்கள் இருந்தமைக்குப் போதிய சான்றில்லை என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. தமிழருள் அதனை விரும்பாதோர் பலர். அதனைத் தம் வாதத்துக்குக் கருவியாக்கியோரும் பலர். பின்னர்ப் பொம்பரிப்பு, ஆனைக்கோட்டை முதலிய இடங்களில் நடைபெற்ற அகழாய்வுகள் புதிய சான்றுகளை அளித்தன. நாற்பது ஆண்டுகளின் பின், 2005இல் வெளியிட்ட நூலிலே அவர் தம் பழைய கருத்துக்களைத் தாமே திருத்தியமைத்தார். ஏச்சுக்கு அஞ்சியோ புகழை விரும்பியோ செய்த மாற்றமன்று அது. சான்று மாறியதால் முடிவும் மாறியது. கருத்தரங்கிலே பெறும் பயிற்சியின் பயன் இதுவேயாம்.

இனி, நம்மூர்க்காரருக்கு நெருங்கிய ஒன்றைக் கூறவேண்டும். தோட்டத்துரைமாரின் சங்கம் 1854இலேயே கண்டியில் அமைக்கப்பட்டது. அவர்களின் அறிக்கைகளும் கணக்குகளும் பேணப்பட்டுள்ளன. ஆனால் அத்தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் அவற்றிலே பெரும்பாலும் தொகையாகவே காணப்படுகின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணியே பிரித்தது. பிரிந்த குடும்பம் யாது நினைத்தது என்பதை அவ்வொப்பந்தத்திற் காண இயலாது. அது பழைய கடிதத்திலும், பிரசாவுரிமை விண்ணப்பத்தின் பிரதியிலும், தோட்டத்துப் பற்றுச்சீட்டிலும், பாட்டியின் நினைவிலுமே உள்ளது. சான்றில்லாதவற்றை ஆராய்ச்சி மாணவர் எழுத மாட்டார். எழுதினாலும் கருத்தரங்கு ஏற்காது. ஆகவே நாம் எரிக்கும் ஒவ்வொரு பழைய தாளும் நம் வரலாற்றில் ஒரு வரியை அழிக்கின்றது.

பழைய மாணவர் தம் இல்லப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பாராக. கிடைப்பவற்றை நாளும் இடமும் குறித்துப் பேணுவாராக. முதியோர் சொல்லுவதை அவர் உள்ளபோதே எழுதிவைப்பாராக. இன்றைய மாணவருள் இருவர் மூவரேனும் அவற்றை எடுத்துக்கொண்டு பேராதனைக் கருத்தரங்கிலே எழுந்து நின்று, கேட்கப்படும் வினாக்களுக்கு அஞ்சாது விடை கூறுவராயின், நமது கல்லூரிக்கு அதனினும் சிறந்த விழா வேறில்லை.