வீட்டு பீரில் வண்டல்: கெட்டுப்போனதன் அடையாளமா?

வீட்டில் முதன்முறையாக பீர் தயாரித்தவர்கள் பலரும் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் தயங்குகின்றனர். அடியில் வெளிர்பழுப்பு நிறத்தில் ஒரு படலம். மேலே இருக்கும் பானமும் கடையில் வாங்குவதைப்போல் பளிச்சென்று இல்லை. கெட்டுவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுவோரும் உண்டு. பெரும்பாலும் அது வீண் இழப்பு.

அந்தப் படலம் ஈஸ்ட். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பீர் வடிகட்டப்பட்டு, கரியமில வாயு தனியாகச் செலுத்தப்பட்டு அடைக்கப்படுகிறது. வீட்டில் அதற்கான இயந்திரம் இருப்பதில்லை. எனவே நொதித்து முடிந்த பீரில் லிட்டருக்குச் சுமார் 6 அல்லது 7 கிராம் சீனி சேர்த்து மூடிவிடுகின்றனர். பானத்தில் எஞ்சியுள்ள ஈஸ்ட் அந்தச் சீனியை உண்டு வாயுவை வெளியிடுகிறது. வெளியேற வழியில்லாத வாயு பானத்திலேயே கரைகிறது. வேலை முடிந்த ஈஸ்ட் திரண்டு அடியில் படிகிறது. இந்த முறையில் நுரை வேண்டும் என்றால் வண்டலும் கூடவே வரும்.

மெல்லிய படலம் இயல்பானது. விரல் தடிமனுக்கு வண்டல் சேர்ந்திருந்தால் பீரை அவசரப்பட்டு அடைத்திருக்கலாம், அல்லது நொதிகலனின் அடியில் கிடந்ததும் குழாய் வழியாகச் சேர்ந்து வந்திருக்கலாம். அடைப்பதற்கு முன் கலனை இரண்டு, மூன்று நாள் குளிரில் வைத்தால் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும்.

கலங்கல் வேறு விவகாரம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபோது மங்கலாக இருந்த பீர், குளிர் விட்டதும் தெளிந்தால் அது குளிரால் வந்த கலங்கல். தானியத்தின் புரதமும் பாலிஃபீனால்களும் குளிரில் ஒன்றோடொன்று பிணைவதால் அப்படித் தெரிகிறது. கடுந்தேநீரைக் குளிரூட்டினால் கலங்குவதும் ஏறக்குறைய இப்படித்தான். சுவைக்குப் பெரிய பாதிப்பு இல்லை. கொதிக்கவைத்த கலவையை விரைவாக ஆறவைத்தால் இது குறையும். சிங்கப்பூரில் குழாய் நீரே வெதுவெதுப்பாக வருவதால் பாத்திரத்தை ஐஸ் நீரில் வைப்பது நல்லது. ஜெர்மனியின் ‘ஹெஃபெவைசன்’ கோதுமை பீரோ கலங்கலாக இருந்தால்தான் அழகு. அதன் பெயரில் உள்ள ‘ஹெஃபெ’ என்பதே ஈஸ்ட்டைத்தான் குறிக்கிறது.

போத்தலை நிமிர்த்தியே வைக்க வேண்டும். நம் வீடுகளின் வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் நுரை சேர்ந்துவிடும்; பிறகு சில நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வண்டல் இறுகும். ஊற்றும்போது கிண்ணத்தைச் சாய்த்து, நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்றி, கடைசி ஒரு சென்டிமீட்டரைப் போத்தலிலேயே விட்டுவிடலாம். ஈஸ்ட்டைக் குடித்தாலும் ஆபத்தில்லை. சிலருக்கு வயிறு உப்பலாம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியவை வேறு. புளித்த வாடை, மேற்பரப்பில் தோல்போன்ற ஆடை, கழுத்துப் பகுதியில் வளையமாக அழுக்கு ஆகியவை கிருமி புகுந்ததைக் காட்டும். அதை ஊற்றிவிடுவதே சரி. திறந்ததும் பீர் நீரூற்றுபோல் பீறிட்டால் அந்தத் தொகுதி முழுவதையும் எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். நொதித்தல் முடியுமுன் அடைத்தாலோ சீனி கூடினாலோ கண்ணாடிப் போத்தல் வெடிக்கக்கூடும். தோசை மாவை ஒரே இரவில் பொங்கவைக்கும் நம் வெப்பம் இதையும் விரைவுபடுத்தும். ஹைட்ரோமீட்டர் இரண்டு, மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டிய பிறகே அடைக்க வேண்டும். ஒரு போத்தலையாவது பிளாஸ்டிக்கில் நிரப்பி வைத்தால், அழுத்திப் பார்த்தே உள்ளிருக்கும் அழுத்தத்தை ஊகிக்கலாம். அது கல்போல் இறுகினால் மற்றவற்றையும் உடனே குளிரில் வைத்துவிட வேண்டும்.

சிங்கப்பூரில் 18 வயதானவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை பீர் தயாரிக்கலாம். விற்பதற்கும், காய்ச்சி வடித்து மதுபானம் தயாரிப்பதற்கும் அனுமதி இல்லை.

காலிப் போத்தலை உடனே அலசிவிடுவது நல்லது. காய்ந்துபோன வண்டலைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. அழுக்கு ஒட்டிய போத்தலில் அடுத்த முறை அடைக்கும் பீருக்கும் அது கேடு.