கோமாளி மீன்: கடலில் பிடிப்பதா, தொட்டியில் பெருக்குவதா?

கடல்நீரில் வளரும் அலங்கார மீன்களில் கோமாளி மீனுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆரஞ்சு நிற உடல், அதில் வெள்ளைப் பட்டைகள், உடலை நெளித்து நெளித்து நீந்தும் விதம், ஆளைக் கண்டால் ஒளியாமல் கண்ணாடி அருகே வந்து நிற்கும் தைரியம் ஆகியவை எல்லோரையும் கவர்கின்றன. 2003ஆம் ஆண்டு ‘ஃபைண்டிங் நீமோ’ என்ற கார்ட்டூன் படம் வெளிவந்த பிறகு சிறுவர்களும் இம்மீனை நன்கு அறிந்துள்ளனர்.

விற்பனைக்கு வரும் கோமாளி மீன்கள் இரண்டு வழிகளில் கிடைக்கின்றன. பவளப்பாறைகளில் மூழ்கிப் பிடிப்பது ஒரு வழி. குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்ப்பது மற்றொரு வழி. தொட்டியில் விட்டால் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். ஆனால் கடலுக்கு நேரும் விளைவில் பெரும் வேறுபாடு உண்டு. அதைப் புரிந்துகொள்ள இம்மீனின் குடும்ப வாழ்க்கையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கொட்டும் வீட்டில் குடியிருப்பு

கோமாளி மீனில் சுமார் 30 இனங்கள் உள்ளன. செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை, வெதுவெதுப்பான ஆழமற்ற கடல்களில் இவை வாழ்கின்றன. அந்தமான் கடலிலும், நமது மன்னார் வளைகுடாவிலும், பாக் நீரிணைப் பகுதியிலும் சில இனங்கள் உண்டு. பெரும்பாலான இனங்கள் 15 செ.மீ.க்கு மேல் வளர்வதில்லை.

இந்த மீன் கடலில் தனித்து வாழ்வதில்லை. கடல் சாமந்தி என்ற உயிரினத்தின் நடுவிலேயே வாழ்கிறது. அனிமோன் என்றும் அழைக்கப்படும் இது பூவைப் போலத் தோன்றினாலும் ஒரு விலங்கேயாகும். பாறையிலோ மணலிலோ அடிப்பகுதியைப் பதித்துக்கொண்டு, மேலே நூற்றுக்கணக்கான விரல் போன்ற நீட்சிகளை விரித்திருக்கும். அவற்றில் கொட்டும் அணுக்கள் நிறைந்துள்ளன. தொடும் சிறு மீன் மயங்கி அதற்கு இரையாகிவிடும்.

கோமாளி மீனை மட்டும் அது கொட்டுவதில்லை. மீனின் மேல் படிந்துள்ள வழுவழுப்பான படலமே இதற்குக் காரணம். புதிதாகக் குடியேறும் மீன் முதலில் வாலையும் துடுப்பையும் மெல்லத் தொட்டுப் பார்த்து, சிறிது சிறிதாகப் பழகிய பின்னரே உள்ளே நுழைகிறது.

இந்தக் கூட்டு வாழ்வில் இரு தரப்புக்கும் ஆதாயம் உண்டு. வேகமாக நீந்த இயலாத மீனுக்குப் பகைவரிடமிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. பதிலுக்கு அது, சாமந்தியின் நீட்சிகளைக் கடித்துத் தின்ன வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை விரட்டுகிறது. மீனின் கழிவில் உள்ள அம்மோனியா, சாமந்தியின் உடலில் வாழும் நுண்பாசிகளுக்கு உரமாகிறது. வயலில் ஆட்டுக்கிடை போடுவதைப் போன்றதே இதுவும்.

குடும்பத்தில் பெண்ணுக்கே முதலிடம்

ஒரு சாமந்தியில் ஒரு குடும்பம் இருக்கும். அதில் மிகப் பெரியது பெண் மீன். அடுத்த அளவில் உள்ளது அதன் துணையான ஆண். இவற்றுக்குக் கீழே இன்னும் பருவமடையாத சில சிறு மீன்கள், ஒன்றைவிட ஒன்று சிறியதாகப் படிக்கட்டு போல வரிசையில் இருக்கும். இவை ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. அந்தப் பெற்றோரின் குஞ்சுகளும் அல்ல. நீரோட்டத்தில் மிதந்து வந்து இடம் பிடித்தவை. மேலே உள்ள மீனை எட்டிவிடாதபடி இவை தம் வளர்ச்சியையே அடக்கிக்கொள்கின்றன. மீறி வளர்ந்தால் பெரியவை விரட்டிவிடும். வீட்டை விட்டு வெளியேறிய மீன் நெடுநேரம் பிழைப்பதில்லை.

பெண் மீன் இறந்துவிட்டால் என்ன நடக்கும்? ஆண் மீன் பெண்ணாக மாறிவிடுகிறது. வரிசையில் அடுத்து இருந்த சிறு மீன் வளர்ந்து ஆணாகிறது. ஜெர்மானிய விஞ்ஞானிகள் ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே ஆகியோர் 1977ஆம் ஆண்டு இதை விளக்கி எழுதினர். ஒருமுறை பெண்ணான மீன் மறுபடி ஆணாவதில்லை. படத்தில் தாயை இழந்த குஞ்சைத் தந்தை மீன் தேடி அலைகிறது. உண்மையில் அந்தத் தந்தை தாயாக மாறியிருக்கும்!

ஒரு மீனைப் பிடித்தால்

கடலில் மீன் பிடிப்போர் இயல்பாகவே பெரிய, பகட்டான மீனையே நாடுவர். அது பெரும்பாலும் முட்டையிடும் பெண்ணாகவே இருக்கும். அதைப் பிடித்ததும் ஆண் பெண்ணாக மாறி, புதிய ஆண் பருவமடைந்து, மறுபடி முட்டையிடச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். அதுவரை அந்த வீட்டில் முட்டை இல்லை. பப்புவா நியூகினியில் நடந்த ஆய்வின் கணக்குப்படி, ஓர் இனத்தின் பெண் மீன் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடும். ஆகவே ஒரு பெண்ணைப் பிடிப்பது பல ஆண்டு விளைச்சலைப் பிடிப்பதாகும்.

‘கடல் பெரிது, வேறிடத்திலிருந்து குஞ்சுகள் வந்து சேரும்’ என்று சிலர் கருதலாம். அதே நாட்டில் கிம்பே தீவை ஒட்டிய பாறைகளில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. தாய் மீன்களுக்குப் பேரியம் என்ற தனிமத்தின் அரிய வகை ஒன்று சிறிதளவு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அது முட்டை வழியாகக் குஞ்சுகளின் காதுக்கல்லில் அடையாளமாகப் பதிந்தது. பின்னர் அங்கு குடியேறிய குஞ்சுகளைச் சோதித்தபோது, சுமார் 60 சதவிகிதம் அதே பாறைகளில் பிறந்தவை என்று தெரிந்தது. பத்து நாள் அளவுக்குக் கடலில் மிதந்த பின்னரும் அவை பிறந்த இடத்துக்கே திரும்பியிருந்தன. இந்த ஆய்வு 2007ஆம் ஆண்டு வெளியாயிற்று.

இதன் பொருள் தெளிவு. ஒரு பாறைத் திட்டின் அடுத்த தலைமுறைக்கு விதை பெருமளவில் அந்தத் திட்டிலிருந்தே வர வேண்டும். அங்குள்ள பெண் மீன்களை எல்லாம் பிடித்துவிடுவது, விதை நெல்லை அளந்து விற்றுவிட்டு அடுத்த பட்டத்துக்கு வானத்தைப் பார்ப்பது போன்றது.

மீனுடன் சாமந்தியையும் பெயர்த்து எடுத்தால் கேடு இன்னும் அதிகம். வீடு இல்லாத இடத்தில் புதிய மீன் குடியேறுவதில்லை. சாமந்தி மெதுவாகப் பெருகும், நெடுங்காலம் வாழும். குளிர்கடலில் வாழும் வேறொரு வகைச் சாமந்தி ஒன்றை ஸ்காட்லாந்தில் 1828ஆம் ஆண்டு கடற்கரையில் எடுத்துக் கண்ணாடிச் சாடியில் வளர்த்தனர். அது 1887 வரை உயிரோடிருந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு பகுதியில் செய்த ஆய்வில், சேகரிப்பு நடந்த பாறைகளில் சாமந்தியும் கோமாளி மீனும் பாதுகாக்கப்பட்ட இடங்களைவிடக் குறைவாக இருந்தன.

கடல் சூடேறுவதும் இப்போது சேர்ந்துகொண்டுள்ளது. நீர் மிதமிஞ்சிச் சூடானால் சாமந்தி தன்னுள் வாழும் பாசிகளை இழந்து வெளுத்துப் போகிறது. பிரெஞ்சு பொலினீசியாவின் மூரியா தீவில் 2016ஆம் ஆண்டு இவ்வாறு நடந்தபோது, வெளுத்த சாமந்திகளில் இருந்த மீன்களின் முட்டை உற்பத்தி 73 சதவிகிதம் குறைந்தது. இத்தகைய நிலையில் உள்ள இருப்பைப் பிடித்துக் குறைப்பது எவ்விதத்திலும் தகாது.

தொட்டியில் சாமந்தி தேவையில்லை

கடலில் இம்மீனை எளிதில் அழிவுக்கு உள்ளாக்கும் அதே குணங்களே, தொட்டியில் இதைப் பெருக்க உதவுகின்றன. பகை இல்லாத தொட்டியில் சாமந்தி இல்லாமலே வாழும், முட்டையும் இடும். ஆண், பெண் தேடி வாங்கவும் தேவையில்லை. ஒரே இனத்தில் ஒன்று சற்றுப் பெரிதும் மற்றொன்று சிறிதுமாக இரண்டு இளம் மீன்களைச் சேர்த்து விட்டால், பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் ஆகிவிடும். சில மாதங்களில் இணை சேரும். வளர்ந்த இரண்டு பெண்களை மட்டும் ஒரே தொட்டியில் விடக் கூடாது. சாகும்வரை சண்டையிடும்.

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறைகளை வகுத்துள்ளன. அவற்றின் முக்கிய அம்சங்கள் வருமாறு:

நீர்: ஒரு லிட்டரில் 30 முதல் 35 கிராம் உப்பு, வெப்பம் 26 முதல் 29 டிகிரி செல்சியஸ், கார அமில நிலை 8.0 முதல் 8.3 வரை இருக்க வேண்டும். வடிகட்டியும் காற்றுக் குழாயும் இரவு பகலாக இயங்க வேண்டும்.

முட்டை: தொட்டியில் ஓர் ஓடு அல்லது மண்சட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இணை மீன்கள் அதைச் சுத்தம் செய்து, ஒரு தடவைக்குச் சில நூறு முட்டைகளை ஒட்ட வைக்கும். நல்ல இணை மாதம் இருமுறை முட்டையிடும். ஆண் மீன் துடுப்பால் விசிறியும், கெட்ட முட்டைகளை வாயால் அகற்றியும் காவல் காக்கும்.

பொரிப்பு: ஆரஞ்சு நிற முட்டைகள் நாளடைவில் கருத்து, பின் வெள்ளிக் கண்கள் தெரியும். ஏறத்தாழ 7 அல்லது 8ஆம் நாள், இருட்டிய பின் பொரியும். அன்று மாலை ஓட்டைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றி, மெல்லிய காற்றோட்டம் கொடுத்து, விளக்கை அணைத்துவிட வேண்டும்.

குஞ்சு: முதல் வாரம் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரியே உணவு. ஒரு மில்லி லிட்டர் நீரில் 5 முதல் 10 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா கொடுக்கலாம். முதல் ஐந்து நாட்களிலும், பட்டை தோன்றி உருமாறும் 10 முதல் 15 நாட்களுக்குள்ளும் சேதம் அதிகம். ரோட்டிஃபரும் அதற்கு உணவாகும் நுண்பாசியும் தட்டின்றிக் கிடைக்க ஏற்பாடு செய்யாமல் முட்டை எடுப்பதில் பயனில்லை. புதிதாகத் தொடங்குவோர் பலர் தோற்பது இந்த இடத்திலேதான்.

கவனிக்க வேண்டியவை

மீன் வாங்கும்போது அது பொரிப்பகத்தில் வளர்ந்ததா என்று கேட்டு, எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீதும் பெற வேண்டும். மூச்சிரைப்பு, உடலில் வெண்புள்ளி, அதிகமான கோழைப் படலம் ஆகியவை நோயின் அறிகுறிகள். புதிய மீனை மூன்று நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.

வெவ்வேறு இனங்களைக் கலக்கக் கூடாது. வளர்த்த மீன் வேண்டாம் என்றாலும் அதைக் கடலில் விடக் கூடாது. தொட்டி நோய்களும் கலப்பினமும் கடல் மீன்களுக்குப் பரவ அது வழியாகும்.

கடலுக்குத் தொலைவில் உள்ளோர் செயற்கை உப்புக் கலவையைக் கொண்டு நீர் தயாரிக்கலாம். ஆனால் கழிவு நீரை வயலிலோ, வாய்க்காலிலோ, கிணற்றருகிலோ விட்டால் நிலம் உவர்நிலமாகிவிடும். அதை வெளியேற்றத் தக்க வசதி இல்லாதவர்கள் இத்தொழிலில் இறங்காமலிருப்பது நல்லது.

மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதி 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கு பவளத்தையோ மற்ற உயிரினங்களையோ எடுப்பது சட்டப்படி குற்றமாகும். பொரிப்பகம் தொடங்க எண்ணுவோர் முதலில் இரண்டு மூன்று இணைகளுடன் ஓராண்டு பழகிப் பார்த்து, பின்னர் விரிவாக்கலாம். பயிற்சிக்கும் தாய் மீன்களுக்கும் மேற்கூறிய மையங்களையோ, அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தையோ அணுகிக் கேட்கலாம். ஒரு நல்ல இணை பல ஆண்டுகள் குஞ்சு தரும். அதன் குஞ்சுகளிலிருந்தே அடுத்த இணைகளை உருவாக்கிக்கொண்டால், பாறையில் உள்ள குடும்பங்களில் கை வைக்க வேண்டிய தேவையே எழாது.