ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்க முடியுமா?

யு.கே.ல மாஸ்டர்ஸ் பண்ணணும்னு நம்ம பேட்ச்ல நிறைய பேர் இருக்கோம். பிளான் எல்லாருக்கும் ஒண்ணுதான்: படிப்பு, வேலை, அப்புறம் அங்கேயே ஒரு வீடு. எனக்கு எஜுகேஷன் லோன் கிடைக்கணும்னா எங்க வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போகணும். "அங்க போய் நீ ஒரு வீடு வாங்கிடுவியாடா?"ன்னு அப்பா கேட்டார். சும்மா தலையாட்டாம, உட்கார்ந்து கணக்கு போட்டுப் பார்த்தேன்.

எடுத்துக்கிட்ட இடம் கிழக்கு லண்டன், நியூஹாம் பகுதியில் இருக்கிற ஈஸ்ட் ஹாம். ஹை ஸ்ட்ரீட் நார்த்ல நடந்தா தோசைக் கடை, நகைக் கடை எல்லாம் உண்டு. பக்கத்துல மேனர் பார்க்ல முருகன் கோயில். தெருவெல்லாம் பழைய 'டெரஸ்' வீடுகள். மொட்டை மாடின்னு நினைக்காதீங்க. பக்கத்து வீட்டோட ஒரே சுவரைப் பகிர்ந்துக்கிற வரிசை வீட்டுக்குத்தான் அங்க அந்தப் பேர்.

சரி, விலை ஏன் ஏறுது? டிமாண்ட் பக்கம் பாருங்க. 2012 ஒலிம்பிக்ஸ் நடந்த ஸ்ட்ராட்ஃபோர்டு இதே நியூஹாம்தான். 2022ல மேனர் பார்க் வழியா எலிசபெத் லைன் ரயில் வந்துச்சு. சப்ளை பக்கம், லண்டனைச் சுத்தி இருக்கிற 'கிரீன் பெல்ட்' நிலத்துல புதுசா வீடு கட்டறது ரொம்பக் கஷ்டம். 1980 சட்டத்துக்கு அப்புறம் கவுன்சில் வாடகை வீடுகளைக் குடியிருந்தவங்களுக்கே வித்தாங்க. வித்த அளவுக்குத் திரும்பக் கட்டலை.

விலையை மட்டும் பார்த்தா விஷயம் புரியாது, சம்பளத்தால வகுக்கணும். 1997ல இங்கிலாந்தில் ஒரு வீட்டின் விலை, முழுநேர ஊழியரின் வருஷ சம்பளத்தைப் போல சுமார் 3.5 மடங்கு. 2024ல சுமார் 7.7 மடங்கு. லண்டன்ல 10 மடங்குக்கும் மேல.

பேங்க் எவ்வளவு தரும்? பொதுவா வருஷ சம்பளத்துல நாலரை மடங்கு வரைக்கும். 2024ல யு.கே. முழுநேர ஊழியரின் நடுத்தர சம்பளம் சுமார் 37,400 பவுண்ட். அப்போ லோன் சுமார் 1,68,000. உதாரணத்துக்கு வீடு 4 லட்சம் பவுண்ட்னு வைங்க. ஒரு சம்பளத்துல பாதி விலைகூட வராது. ரெண்டு பேர் சம்பாதிச்சா சுமார் 3,36,000 வரும். மீதி 64,000 கையில இருக்கணும்.

அடுத்தது வட்டி. 2021ல பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி 0.1% வரை இறங்கியிருந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல 5.25%. அங்க பெரும்பாலும் 2 இல்ல 5 வருஷத்துக்குத்தான் வட்டியை ஃபிக்ஸ் பண்ணுவாங்க. அப்புறம் புது ரேட். 3 லட்சம் பவுண்ட், 25 வருஷம்: 2% வட்டின்னா மாசம் சுமார் 1,272 பவுண்ட். 5.5%ன்னா 1,842. வீடும் அதே, லோனும் அதே, மாசம் 570 பவுண்ட் கூடுதல்.

வாங்க முடியாதவங்க எல்லாம் வாடகைக்கு வர்றாங்க, அதனால வாடகையும் ஏறுது. ஒரே வீட்டை அறை அறையா பிரிச்சு விடறாங்க. இதைக் கண்காணிக்கத்தான் நியூஹாம்ல 2013லேயே வாடகைக்கு விடறவங்களுக்கு லைசென்ஸ் கொண்டுவந்தாங்க.

போகப்போறவங்க ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. 2019 சட்டப்படி இங்கிலாந்துல புரோக்கர் உங்ககிட்ட ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்கக் கூடாது; அட்வான்ஸும் பொதுவா 5 வார வாடகையைத் தாண்டக் கூடாது. அந்த அட்வான்ஸை 30 நாளுக்குள்ள அரசு அங்கீகரிச்ச திட்டத்துல போட்டாங்களான்னு கேளுங்க.

அப்பாகிட்ட கடைசியா சொன்ன பதில் இது: "ஒரு சம்பளத்துல முடியாதுப்பா. ரெண்டு சம்பளம், பல வருஷ சேமிப்பு இருந்தா பார்க்கலாம். முதல்ல நம்ம பத்திரத்தை மீட்கணும்." அவர் சிரிச்சார். லோன் ஃபார்ம் இன்னும் டேபிள் மேலதான் இருக்கு.